மூச்சடக்கி எடுத்த படங்கள்

"உங்க சித்தப்பா எடுக்கற போட்டோவுல எல்லாரும் ஏன் தண்ணிக்குள்ள முங்கி இருக்கற மாதிரியே இருக்காங்க?"

ரொட்டிக்கடைக்காரர் என்னிடம் இப்படிக் கேட்டார். அவர் கையில் அவருடைய படமே இருந்தது. கன்னங்கள் உப்பியிருந்தன. கண்கள் வெளியே வந்துவிடலாமா என்று யோசித்துக்கொண்டிருந்தன. தோள்கள் இரண்டும் முன்னால் வளைந்து, முழங்கைகள் பக்கவாட்டில் விரிந்து, யாரையோ முட்டித் தள்ளப் போகிறவர் போல நின்றிருந்தார். எப்போதும் போட்டிருக்கும் மூக்குக் கண்ணாடியும் முகத்தில் இல்லை. தினமும் காலையில் சிரித்துக்கொண்டே ரொட்டி எடுத்துக் கொடுக்கிற மனிதர் அவர். படத்தில் இருந்தவரிடம் யாரும் ரொட்டி வாங்க மாட்டார்கள். கையில் இருப்பதையும் கொடுத்துவிட்டு ஓடிவிடுவார்கள்.

"லைட்டு அப்படி விழுந்திருச்சுண்ணே" என்றேன்.

"லைட்டு கன்னத்துக்குள்ள பூந்து ஊதுமா?"

ரொட்டியை வாங்கிக்கொண்டு கிளம்பிவிட்டேன். மறுநாள் அவர் மீசையை எடுத்துவிட்டுக் கடையில் உட்கார்ந்திருந்தார். முகம் அப்படித் தெரிந்ததற்கு மீசைதான் காரணம் என்று அவராகவே ஒரு முடிவுக்கு வந்திருந்தார்.

சித்தப்பா என் அப்பாவின் தம்பி. ஆஸ்பத்திரியில் எக்ஸ்ரே எடுக்கிற வேலை. சிறு வயதில் அவர் எதிலும் முதலாவதாக வந்ததில்லை, எதிலும் தோற்றதும் இல்லை என்று அப்பா சொல்வார். குடும்பப் படங்களில் எப்போதும் இரண்டாவது வரிசையில் யாருடைய தலைக்கோ பின்னால் பாதி முகமாக நிற்பார். அப்படிப்பட்டவருக்குத் திடீரென்று மனிதர்களை முகம் பார்த்துப் படம் எடுக்கும் ஆசை வந்தது. ஏன் வந்தது என்று, நாங்கள் அவர் வீட்டுக்கு விருந்துக்குப் போயிருந்த ஒரு நாள் சாப்பிடும்போது அவரே சொன்னார்.

"பாப்பா, இந்த ஊர்ல என்னை விட அதிகமா படம் எடுத்தவன் எவனும் கிடையாது. ஆனா நான் எடுத்த படமெல்லாம் எங்க இருக்கு தெரியுமா?"

"எங்க சித்தப்பா?"

"கட்டிலுக்கு அடியில. பெரிய கவருக்குள்ள. டாக்டரு ஒரு தடவை வெளிச்சத்துல தூக்கிப் பாப்பாரு, அவ்வளவுதான். எவனாவது ஒருத்தன் நான் எடுத்த படத்தைச் சுவத்துல மாட்டியிருக்கானா சொல்லு."

"நெஞ்செலும்பை யாருங்க சுவத்துல மாட்டுவாங்க?" என்றாள் சித்தி.

சித்தப்பா அதைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை. ஒரு நல்ல காமிரா வாங்கினார். வீட்டின் முன்னறையை ஸ்டூடியோ ஆக்கினார்.

முன்னறை சும்மா கிடந்த அறை அல்ல. அது சித்தியின் தையல் அறை. வீட்டிலேயே பெரிய ஜன்னல் அங்கேதான் இருந்தது. ஜன்னலை ஒட்டித் தையல் மெஷினைப் போட்டு சித்தி சட்டை, பாவாடை, ஜன்னல் திரை, பள்ளிச் சீருடை என்று தைத்துக் கொடுத்துக்கொண்டிருந்தாள். துணிக்கு ஏற்ற நூலைப் பகல் வெளிச்சத்தில் வைத்துப் பார்த்துத்தான் எடுப்பாள். சித்தப்பா ஒரு விடுமுறை நாளில் மெஷினைத் தூக்கிச் சமையலறைக்குப் போகிற நடையில் போட்டார். "நல்ல போட்டோவுக்கு முக்கியமே வெளிச்சம்தான், அதனாலதான் இந்த ரூமு" என்று விளக்கம் சொன்னார். அப்புறம் அந்தப் பெரிய ஜன்னலைக் கறுப்புத் துணியால் இழுத்து மூடி, நாலு பக்கமும் ஆணி அடித்தார். வெளியிலிருந்து ஒரு கீற்று வெளிச்சம் உள்ளே வரக்கூடாதாம். வேலை செய்யும் இடம் இருட்டாக இருந்தால்தான் அவருக்கு வேலை செய்வது போல இருக்கும் என்று நினைக்கிறேன்.

நான் அந்த வீட்டுக்குப் போய்ச் சேர்ந்தது அப்போதுதான். பள்ளிப் படிப்பு முடிந்துவிட்டது. அடுத்து என்ன என்று எனக்கும் தெரியவில்லை, வீட்டில் யாருக்கும் தெரியவில்லை. "காலையிலேருந்து குறுக்கும் நெடுக்கும் நடக்கறா, எனக்குத் தலை சுத்துது" என்று அம்மா என்னைச் சித்திக்கு ஒத்தாசையாக அனுப்பிவைத்தாள். சித்திக்கு பட்டன் தைத்துக் கொடுப்பேன். சித்தப்பா கூப்பிட்டால் ஸ்டூலில் போய் உட்காருவேன், வெளிச்சம் சரியாக விழுகிறதா என்று அவர் பார்ப்பதற்கு. என்னால் ஒரு இடத்தில் அசையாமல் இருக்க முடியாது. அதனால் என் படங்களில் எனக்கு இரண்டு மூக்கு இருக்கும். அவர் எடுத்த படங்களிலேயே பயந்துபோகாத முகம் என்னுடையதுதான் என்பதை அப்போது யாரும் கவனிக்கவில்லை. எந்த மூக்கு என்னுடையது என்று தேடுவதிலேயே நேரம் போய்விட்டது.

சித்தப்பாவைச் சோம்பேறி என்று யாரும் சொல்ல முடியாது. திறமையை வளர்க்க வேண்டும் என்று கண்ணும் கருத்துமாக இருந்தார். வேலை முடிந்து வந்ததும் போனில் வெளிநாட்டுக்காரர்கள் சொல்லித்தரும் பாடங்களைப் பார்ப்பார். பெரிய அட்டைப்பெட்டிக்குள் விளக்கை வைத்து, முன்பக்கம் குளியலறைத் திரையை ஒட்டி, வெளிச்சம் மென்மையாக வர ஒரு ஏற்பாடு செய்தார். தெர்மாகோல் பலகையை முகத்துக்குக் கீழே பிடித்துக் கண்ணுக்கடியில் இருந்த நிழலைப் போக்கினார். பின்னால் தொங்கிய போர்வைக்குப் பதில் சாம்பல் நிறத்தில் ஒரு திரை வந்தது. காமிராவுக்குப் புது லென்ஸ் வந்தது. எல்லாம் வளர்ந்தது. படங்களும் பிரமாதமாகத் தெளிந்தன. முன்பெல்லாம் படத்தில் இருப்பவரின் பீதி கொஞ்சம் மங்கலாகத் தெரியும். இப்போது ஒவ்வொரு நரம்பாக எண்ணிப் பார்க்கலாம்.

படத்தைப் பார்த்தவர்கள் யாரும் சண்டை போடவில்லை. அதுதான் எனக்கு வருத்தம். சண்டை போட்டிருந்தால் நன்றாக இருந்திருக்கும். எல்லாரும் தங்கள் முகத்தின் மீதே பழியைப் போட்டுக்கொண்டார்கள். சித்தியிடம் சட்டை தைக்க வருகிற ஒரு அக்கா, வேலைக்கு விண்ணப்பிக்கப் படம் எடுத்துக்கொண்டாள். படத்தைப் பார்த்துவிட்டு, "நான் நேர்ல இப்படித்தான் இருக்கேனா?" என்று மெதுவாகக் கேட்டாள்.

"சே, இல்லக்கா."

"பரவால்ல, சும்மா சொல்லாத" என்று படத்தைப் பைக்குள் தலைகீழாக வைத்துக்கொண்டு போனாள். அடுத்த தடவை அவள் வந்தபோது, நிலைக்கண்ணாடி பதித்த பீரோவைத் தாண்டும் நேரத்தில் வேறு பக்கம் பார்த்துக்கொண்டாள்.

இதற்கிடையில் நடையின் இருட்டில் உட்கார்ந்து தைத்த சித்தி, ஒரு ஓட்டல்காரரின் ஆட்களுக்கான கருநீலச் சட்டைகளுக்குக் கறுப்பு நூலில் தைத்துவிட்டாள். அவர் மிச்சத் துணியை எடுத்துக்கொண்டு வேறு தையல்காரரிடம் போய்விட்டார். அன்று மாலை சித்தப்பா காலணியைக் கழற்றுவதற்குள் சித்தி பேச ஆரம்பித்தாள்.

"ஏங்க, பள்ளிக்கூடம் திறக்கப் போகுது. சீருடைத் துணி மூட்டை மூட்டையா வரும். எனக்கு ஜன்னல் வேணும்."

"இப்பத்தான் கை வந்துக்கிட்டு இருக்கு. இப்ப போயி…"

"உங்க கை வந்துக்கிட்டே இருக்கட்டும். என் கண்ணு போயிக்கிட்டே இருக்கு."

"ஒரு கலைஞன் வீட்டுல இப்படியெல்லாம் பேசக்கூடாதும்மா."

"யாரு, எந்தக் கலைஞன்? பக்கத்து வீட்டுக்காரங்க பிள்ளை சோறு சாப்பிடலேன்னா நம்ம ஸ்டூடியோவைக் காட்டித்தான் பயமுறுத்தறாங்க." சித்தி நூல்கண்டைக் கீழே வைத்தாள். "ஒரே பேச்சு. பள்ளிக்கூடம் திறக்கறதுக்குள்ள நீங்க எடுத்த படம் ஒண்ணு, யாராவது விருப்பப்பட்டு அவங்க சுவத்துல மாட்டணும். சொந்தக்காரங்க கணக்குல வராது. மாட்டிட்டா ரூமு உங்களுது, நான் வாயே திறக்க மாட்டேன். மாட்டலேன்னா என் மெஷின் ஜன்னலுக்கு வந்துரும்."

சித்தப்பாவின் முகம் மலர்ந்தது. "ஒண்ணு போதுமா?" என்றார். பாவம்.

அந்த வாரத்திலேயே அவர் மதியச் சாப்பாட்டை வீட்டில் மறந்துவிட்டுப் போனார். நான்தான் ஆஸ்பத்திரிக்கு எடுத்துக்கொண்டு போனேன். எக்ஸ்ரே அறைக்கு வெளியே பெஞ்சில் உட்காரச் சொன்னார்கள். உட்கார முடியாமல் கதவுப் பக்கம் நடந்துகொண்டிருந்தேன். உள்ளேயிருந்து சித்தப்பாவின் குரல் கேட்டது.

"செயின், வாட்ச், கண்ணாடி எல்லாத்தையும் கழட்டி அந்த டப்பாவுல போடுங்க. பெல்ட்டும்தான். தாடையைத் தூக்குங்க. கையை இடுப்புல வைங்க, முழங்கையை முன்னால தள்ளுங்க, தோளு முன்னால வரணும். அசையாதீங்க. மூச்சை நல்லா இழுங்க. இழுத்து அப்படியே பிடிங்க." ஒரு சத்தம். "ம், விடுங்க."

சாப்பாட்டுப் பாத்திரத்தைக் கையில் வைத்துக்கொண்டு நான் அப்படியே நின்றேன். வார்த்தைக்கு வார்த்தை இதையேதான் அவர் ஸ்டூடியோவில் எல்லாரிடமும் சொல்வார். நானும் பக்கத்தில் தெர்மாகோல் பலகையைப் பிடித்துக்கொண்டு நின்றிருக்கிறேன். படம் எடுப்பதென்றால் அப்படித்தான் போல என்று நினைத்திருந்தேன். முன்னறையில் ஒரு டப்பாகூட இருந்தது. மூக்குக் கண்ணாடி, கடிகாரம், காதணி, தலைமுடிக் கிளிப் எல்லாம் அதற்குள் போய்விடும். ஒரு மனிதரை அவர் என்று அடையாளம் சொல்கிற எல்லாவற்றையும் கழற்றி வைத்துவிட்டு, மிச்சமிருப்பவரை மூச்சுத் திணறத் திணறப் படம் எடுத்து, சரியான நேரத்தில் பொத்தானை அமுக்கிவிட்டு, அப்புறம்தான் "விடுங்க" என்பார்.

முதலில் சித்தியிடம் சொன்னேன். அவள் சிரித்த சிரிப்பில் மெஷின் ஆடியது.

"அதான் அன்னிக்கு என்னை எடுக்கறப்ப தாலிச்செயினைக்கூடக் கழட்டச் சொன்னாரா? நான் என்னவோ ஏதோன்னு பயந்துட்டேன்."

"சித்தப்பாகிட்ட சொல்லட்டுமா சித்தி?"

"சொல்லு."

"சொன்னா நல்லா எடுத்துருவாரு. உங்க ரூமு போயிரும்."

சித்தி ஊசியில் நூல் கோத்துக்கொண்டே என்னைப் பார்த்தாள். "சொன்னதும் மாறிடற ஆளுன்னா நான் எப்பவோ சொல்லியிருப்பேனே, எவ்வளவோ இருக்கு சொல்றதுக்கு. நீ சொல்லு. புண்ணியம் உனக்கு, ரூமு எனக்கு."

சொன்னேன். சித்தப்பா முதலில் ஒத்துக்கொள்ளவே இல்லை. மூச்சு விட்டால் நெஞ்சு அசையும், நெஞ்சு அசைந்தால் படம் மங்கும், இது எந்தக் குழந்தைக்கும் தெரியும் என்றார். "நெஞ்சு யாருக்கு வேணும் சித்தப்பா, முகம்தானே?" என்றேன். அதன் பிறகு அவர் சுவரில் சாய்ந்து நின்று, தான் எடுத்த படங்களை ஒவ்வொன்றாகக் குழல்விளக்கின் மேல் பிடித்துப் பார்த்துக்கொண்டிருந்தார். ஏதாவது உடைந்திருக்கிறதா என்று தேடுகிற மாதிரி.

மறுநாளிலிருந்து திருந்தினார். இதற்கு அவர் திருந்தாமலே இருந்திருக்கலாம். கழற்றச் சொன்னவர் இப்போது எல்லாவற்றையும் போட்டுக்கொள்ளச் சொன்னார். கண்ணாடி போடாதவர்களிடமும் "கண்ணாடி இருக்கா?" என்று கேட்டார். மூச்சைப் பிடிக்கச் சொன்னவர், "மூச்சை விடுங்க, இன்னும் விடுங்க, முழுசா விடுங்க" என்றார். ஆஸ்பத்திரிக் குரல் மட்டும் மாறவே இல்லை. அந்தக் குரலில் யாராவது கட்டளையிட்டால் நுரையீரல் தானாகக் கீழ்ப்படிந்துவிடும். அஞ்சல்காரர் வந்து முழுசாக மூச்சை விட்டார். படத்தில் வாய் லேசாகத் திறந்து, தோள் தொங்கி, இப்போதுதான் ஏதோ துக்கச் செய்தி வந்தது போல இருந்தார். முன்னால் வந்தவர்கள் தண்ணீரில் மூழ்கிக்கொண்டிருந்தார்கள். இவர்கள் கரையில் ஒதுங்கியிருந்தார்கள்.

சுவரில் ஒரு படமும் ஏறவில்லை. சீருடைத் துணிகள் நடையில் மலை போலக் குவிந்தன. சித்தி ஜன்னலின் கறுப்புத் துணியில் எங்கெங்கே ஆணி இருக்கிறது என்று அவ்வப்போது வந்து தடவிப் பார்த்துக்கொண்டாள். அதன் அர்த்தம் சித்தப்பாவுக்கும் புரிந்தது. சாப்பாட்டில் அவர் கை நிற்கும். "ஒண்ணே ஒண்ணு" என்று தனக்குத்தானே சொல்லிக்கொள்வார்.

பள்ளிக்கூடம் திறப்பதற்கு முந்தைய வாரம் ஆஸ்பத்திரியின் தலைமை நர்ஸ் வந்தார். வேலையிலிருந்து ஓய்வு பெறப் போகிறவர். அவருக்குப் பின்னால் எல்லாரும் அவரைச் சைரன் என்பார்கள். அவர் வருகிறார் என்றால் வராந்தாவில் நோயாளிகளே தங்கள் போர்வையைச் சரிசெய்துகொள்வார்கள் என்று சித்தப்பா சொல்லியிருக்கிறார். வார்டுச் சுவரில் முன்னால் இருந்த தலைமை நர்சுகளின் படங்கள் வரிசையாகத் தொங்குகின்றன, அந்த வரிசையில் தன் படமும் வேண்டும் என்பது அவர் விருப்பம். வார்டுச் சுவர் கணக்கில் வருமா என்று சித்தப்பா சித்தியைப் பார்த்தார். அவள் துணியில் கோடு போட்டுக்கொண்டே, "சுவருன்னா சுவருதான்" என்றாள். கோடு கோணலாகப் போனது.

ஸ்டூலில் உட்கார்ந்த தலைமை நர்ஸ் அறையைச் சுற்றிப் பார்த்தார். "ஏம்பா, தூசு தட்டவே மாட்டியா?"

"தட்டிடறேன் சிஸ்டர். நீங்க… சும்மா இயல்பா இருங்க."

"இருக்கேனே."

"மூச்சை விடு… இல்ல, வேணாம். மனசுல நல்லதா எதையாவது நினைங்க."

"எதை?"

"வீட்டுல பேரப்பிள்ளைங்க இருப்பாங்கல்ல…"

"அதுங்களை நினைச்சா எனக்கு ரத்த அழுத்தம் ஏறும்."

சித்தப்பா வெளிநாட்டுக்காரர்கள் சொல்லித்தந்த எல்லாவற்றையும் வரிசையாகச் சொல்லிப் பார்த்தார். தூரத்தில் ஒரு மலையைப் பார்ப்பது போல நினைக்கச் சொன்னார். தலைமை நர்ஸ் சாம்பல் நிறத் திரையைப் பார்த்தார். பழைய தோழி ஒருத்தி எதிரில் வருவதாக நினைக்கச் சொன்னார். "அவ செத்துப் போயிட்டா" என்றார் தலைமை நர்ஸ். நான் தெர்மாகோல் பலகைக்குப் பின்னால் முகத்தை மறைத்துக்கொண்டேன்.

கடைசியில் அவருக்கே அலுத்துவிட்டது. "இங்க பாரு, ஆஸ்பத்திரியில எப்படிச் சொல்லுவியோ அப்படியே சொல்லித் தொலை. அதுன்னா எனக்குப் புரியும். வாட்சை மட்டும் கழட்ட மாட்டேன்."

சித்தப்பா என்னைப் பார்த்தார். நான் பலகையைத் தூக்கிப் பிடித்தேன். அவர் நிமிர்ந்து நின்றார். அறைக்குள் ஆஸ்பத்திரி வந்தது.

"தாடையைத் தூக்குங்க. தோளை முன்னால கொண்டு வாங்க. அசையாதீங்க. மூச்சை இழுங்க. பிடிங்க."

தலைமை நர்ஸ் இழுத்த மூச்சில் பின்திரை முன்னால் வந்தது போல எனக்குத் தோன்றியது. பொத்தான் அமுங்கியது.

படத்தைக் கவருக்குள் போட்டே சித்தப்பா கொடுத்தார். கன்னம் புடைத்து, கண் விரிந்து, நெஞ்சு நிமிர்ந்து, நர்சுகள் வழக்கப்படி சட்டையில் குத்திய கடிகாரம் பளபளக்க, படத்துக்குள்ளிருந்து யாரையோ கூப்பிட்டு நிறுத்தி வைத்திருந்தார் அந்த அம்மாள். நேரில் இருந்தவர் படத்தில் இருந்தவரை நெடுநேரம் பார்த்தார். இருவரில் யார் முதலில் கண்ணை எடுப்பது என்பதில் போட்டி போல இருந்தது.

"இதுதான்யா நான்" என்றார் தலைமை நர்ஸ். "இவ்வளவு நாளா எவனும் என்னைச் சரியா எடுக்கலை. எல்லாவனும் சிரிங்க சிரிங்கன்னு உயிரை வாங்கிட்டானுங்க."

படம் வார்டுச் சுவரில் ஏறியது. சித்தி நம்பவில்லை. நேரில் பார்க்க வேண்டும் என்று என்னையும் இழுத்துக்கொண்டு போனாள். அந்தப் படத்துக்குக் கீழே இருந்த கட்டில்களில் ஒரு முனகல் இல்லை. நோயாளியைப் பார்க்க வந்தவர்கள் கிசுகிசுவென்று பேசிக்கொண்டார்கள். "இது மாட்டினதுலேருந்து எங்களுக்குப் பாதி வேலை மிச்சம்" என்றார் பெருக்குகிற அம்மா. சித்தி படத்துக்கு எதிரில் நின்று, தன்னையறியாமல் தோளில் கிடந்த துணியை இழுத்துச் சரிசெய்துகொண்டாள். திரும்பி வரும் வழியில் ஒரே ஒரு வார்த்தைதான் சொன்னாள்.

"தொங்குது."

அதன் பிறகு சித்தப்பாவுக்குக் கூட்டம் சேர்ந்தது. ஆஸ்பத்திரிக் காவலாளி வந்தார். பஸ்ஸில் டிக்கெட் சோதிக்கிறவர் வந்தார். வாடகை தராதவர்கள் பார்க்கிற மாதிரி வாசலில் மாட்ட வேண்டும் என்று ஒரு வீட்டுக்காரர் வந்தார். தலைமை நர்ஸ் மாதிரியே வேண்டும் என்று எல்லாரும் கேட்டார்கள். திறமையை வளர்க்க இரவு பகலாகப் பாடுபட்ட சித்தப்பாவின் திறமை இருந்த இடத்திலேயே இருந்தது. அதற்கேற்ற முகங்கள்தான் அவரைத் தேடி வந்துவிட்டன. இனிமேல் பாடம் எதுவும் பார்க்கத் தேவையில்லை என்று போனைக்கூட ஓரமாக வைத்துவிட்டார்.

சித்தி சொன்ன சொல்லைக் காப்பாற்றினாள். முன்னறையைப் பற்றி வாயே திறக்கவில்லை. ஒரு காலையில் என்னையும், துணி கொடுக்க வந்த இரண்டு பெண்களையும் சேர்த்துக்கொண்டு படுக்கையறைப் பீரோவை நகர்த்தினாள். அதற்குப் பின்னால் ஒரு ஜன்னல் இருந்தது. முன்னறை ஜன்னலை விடச் சிறியது. ஆனாலும் நீலமும் கறுப்பும் வேறு வேறாகத் தெரிந்தன. மெஷின் அங்கே போனது. கட்டில் தூக்கப்பட்டு முன்னறைக்கு வந்தது.

வேலை முடிந்து வந்த சித்தப்பா ஸ்டூடியோ வாசலில் நின்றார். "என்னம்மா இது, கட்டில் இங்க இருக்கு?"

"முன்ரூமு உங்களுதுன்னு சொன்னேன். தூங்கற ரூமு யாரோடதுன்னு நாம பேசவே இல்லையே."

"வர்றவங்க எங்க உக்காருவாங்க?"

"கட்டில்லதான். ஆஸ்பத்திரியில உங்களுக்குப் பழக்கம்தானே."

சித்தப்பா அப்பாவை அழைத்து வந்து நியாயம் கேட்டார். அப்பா கட்டிலைப் பார்த்தார், அட்டைப்பெட்டி விளக்கைப் பார்த்தார், சாம்பல் திரையைப் பார்த்தார். "இடம் நல்லா இருக்கேடா" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

அடுத்து வந்த விடுதிக் கண்காணிப்பாளர் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து, சுற்றிலும் பார்த்துவிட்டு, "படுக்கணுமா?" என்று கேட்டார். சித்தப்பா கொஞ்ச நேரம் நிஜமாகவே யோசித்தார்.

இதை நான் எழுதுவது அவரைக் கேலி செய்ய அல்ல. கேலி செய்ய வேண்டுமென்றால் நேரிலேயே செய்வேன், தினமும் செய்கிறேன். தலைமை நர்சுக்கு முன்னால் வந்துபோனவர்களை நினைத்துத்தான் எழுதுகிறேன். அவர்கள் படத்தை எங்கேயோ மறைத்து வைத்துக்கொண்டு, தங்கள் முகமே அப்படித்தான் என்று இன்னும் நம்பிக்கொண்டிருக்கலாம். யார் யார் என்று எனக்கு முழுதாகத் தெரியாது. உங்களுக்குத் தெரிந்த யாராவது காமிராவைக் கண்டால் ஒதுங்கிப் போனால், கூட்டத்தில் பின்னால் போய் நின்றுகொண்டால், இதை அவர்கள் கையில் கொடுங்கள். படிக்க நேரமில்லை என்றால் நீங்களே வாயால் சொல்லிவிடுங்கள்: அன்று உங்களை யாரும் மூச்சு விடவே விடவில்லை, அவ்வளவுதான்.